பெல்ஜியத்துக்காரி

புளி உடைப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கித் தள்ள வேண்டும். இன்னொருவர் நாரை உருவிப் பழத்தைக் கூடையில் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தவள்ளி தட்டினாள். மகள் பாரதி நார் உருவினாள். இருவருக்கும் நடுவில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் விரிந்து கிடந்தது. காற்றில் பக்கம் புரளாமலிருக்க அதன் மேல் நாலைந்து புளியம்பழம்.

"முதல் உலகப் போருக்கான காரணங்கள். சொல்லும்மா," என்றாள் பாரதி.

"பக்கத்து பக்கத்து ஊட்டுக்காரனுங்க போட்டி போட்டுக்கினு மாடி கட்டனாங்க."

"புஸ்தகத்துல அப்டியா போட்டிருக்கு?"

"புஸ்தகத்துல சுத்தி வளச்சிப் போட்டிருக்கு. நான் நேரா சொல்றேன்."

"நேரா சொல்லித்தான் போன தடவை ஃபெயிலான."

"ஒன்ன யாருடி மார்க்கு போடச் சொன்னது? கேள்விய மட்டும் கேளு."

அமிர்தவள்ளி சுத்தியலைக் கீழே வைத்தாள். கொட்டைக் குவியலிலிருந்து பெரியதாக ஆறு பொறுக்கினாள். சிமெண்ட் தரையில் மூன்றை இந்தப் பக்கமும் மூன்றை அந்தப் பக்கமும் அடுக்கினாள்.

"இவன் ஜெர்மனி, இவன் ஆஸ்திரியா, இவன் இத்தாலி. எதுத்தாப்புல இங்கிலாந்து, பிரான்சு, ரஷ்யா. என் தோஸ்த்த அடிச்சா நான் வருவேன்னு இவன் சொல்றான். நீ வந்தா நான் வருவேன்னு அவன் சொல்றான். ஒருத்தன் கப்பல் கட்டறான். இன்னொருத்தன் அதப் பாத்துட்டு ஜாஸ்தியா கட்டறான். ஊரான் ஊட்டு நெலத்துக்கு ரெண்டு பேருக்கும் நாக்கு தொங்குது. இதுக்கு நடுவுல ஒரு பையன் இளவரசரச் சுட்டுட்டான்." ஒரு கொட்டையைச் சுண்டினாள். அது இன்னொன்றில் மோத, அது அடுத்ததில் மோத, எல்லாம் கலைந்து உருண்டன. "சுட்டவன் மேல தப்பா, இப்டி நெருக்கி அடுக்கி வச்சவன் மேல தப்பா?"

"இத்தாலி கடைசில கட்சி மாறிடுச்சும்மா."

"அவன் எல்லா ஊர்லயும் இருப்பான். நம்ம குடியாத்தத்து சித்தப்பா இல்ல? ரெண்டு ஊட்டுலயும் சாப்புட்டுட்டு ரெண்டு பேரையும் ஏத்தி வுடுவாரு." குனிந்து, ஓரமாகக் கிடந்த ஒரு சிறு கொட்டையைத் தொட்டாள். "நடுவுல இருக்கே பொடிசா ஒரு நாடு. அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

"பெல்ஜியமா? ஒண்ணும் பண்ணல. ஜெர்மனிக்காரன் பிரான்சுக்குப் போற வழியில இருந்துச்சு. அது மேல நடந்து போனான்."

அமிர்தவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். "அடி ஆத்தே, அப்ப அது நான்தான்!"

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். புளி பாதி மீந்தது. அடுத்த ஞாயிறு முடித்துக்கொள்ளலாம் என்று கோணிப்பையில் கட்டி அடுப்படி மூலையில் வைத்தார்கள். அந்த ஞாயிறு வருவதற்குள் அமிர்தவள்ளி போய்விட்டாள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டு அக்தரி பேகத்தின் தோளில் சாய்ந்தாள். அசதி என்று நினைத்து, வெயில் படாமல் அவள் முகத்தைத் தன் துப்பட்டாவால் மறைத்தாள் அக்தரி. ஊர் வந்த பிறகும் அமிர்தவள்ளி இறங்கவில்லை.

*

ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் கல்லேரிப்பட்டி. அமிர்தவள்ளி அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்போதெல்லாம் பெண் பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால் ஷூ ஃபேக்டரி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதலில் பசை தடவினாள். பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பிறகு செக்கிங் மேசை: தைத்து வரும் ஷூ மேல்தோலைத் திருப்பிப் பார்த்து, நூல் விட்டதையும் இடது வலது நிறம் ஒவ்வாததையும் ஓரம் தள்ளும் வேலை. கணவர் லாரி ஓட்டியவர். பாரதி கல்லூரியில் சேர்ந்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அமிர்தவள்ளி அழுது முடித்து, மறுபடி பஸ் ஏறினாள்.

பாரதி சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தாள். ராணிப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. தோல் துண்டை மிஷினில் மாட்டி இழுப்பார்கள், மடக்குவார்கள், தேய்ப்பார்கள். எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று குறிப்பார்கள்.

"நான் தெக்கிறேன், நீ கிழிக்கிற. நல்ல குடும்பம்டி இது," என்பாள் அமிர்தவள்ளி.

ஐம்பது வயதுக்கு மேல் அவளுக்குப் பரீட்சை ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. லைன் சூப்பர்வைசராக வேண்டுமானால் பத்தாவது பாஸ் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்த பெண்கள் சூப்பர்வைசர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்," என்றார்கள். அவளும் அக்தரியும் தனித்தேர்வர்களாகப் பணம் கட்டினார்கள். அக்தரிக்குக் கணக்கு பாஸாகாமல் நின்றது. அமிர்தவள்ளிக்குப் போர் நின்றது.

போர் எப்படி நிற்கும்? அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது. பேரரசர் பெயர்களைக் குழப்புவாள். எந்த வருஷத்தையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டாள். ஆனால் காரணங்கள் என்று வந்துவிட்டால் பக்கம் பக்கமாக எழுதுவாள். போன தடவை அந்த ஒரே கேள்விக்கு நேரம் முழுக்கப் போய்விட்டது. மற்ற கேள்விகள் வெறுமனே கிடந்தன.

"அவ்ளோ நேரம் இன்னாம்மா எழுதின?"

"ஒங்க மாமனுங்களப் பத்தித்தான்," என்றாள்.

*

மாமன்கள் இரண்டு பேர். மூத்தவர் முனிரத்தினம், இளையவர் கன்னியப்பன். நடுவில் பிறந்தவள் அமிர்தவள்ளி. அவர்கள் அப்பா ஊரிலேயே ஒரு கொட்டகை போட்டுப் பள்ளிக்கூட ஷூ தைத்து வேலூர்க் கடைகளுக்குக் கொடுத்தவர். மலையடிவாரத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேரும்வரை வெறுங்காலில் ஓடியவர்கள். பாதம் அகலமாக இருக்கும். கடையில் விற்கிற ஷூ அவர்கள் சுண்டுவிரலைக் கடிக்கும். அதனால் அப்பா, ஷூவுக்குள் நின்று வடிவம் கொடுக்கும் மரக்கால்களின் இரண்டு பக்கமும் தோல்பட்டை ஒட்டி, ராவி, அகலப்படுத்தி வைத்திருந்தார். ஃபேக்டரியில் அதை லாஸ்ட் என்பார்கள். ஊரில் கட்டை.

அவருக்குத் திருட்டு பயம் ஜாஸ்தி. இடதுகால் கட்டைகளை மூட்டை கட்டி முன்னறையிலும் வலதுகால் கட்டைகளை மூட்டை கட்டிப் பின்னறையிலும் பூட்டுவார். "ஒத்தக் கால் கட்டய தூக்கினு போய் திருடன் இன்னா, கொக்குக்கா ஷூ தெப்பான்?" என்பார். திருடன் கடைசிவரை வரவில்லை.

அவர் காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி சேர்ந்தே தொழில் செய்தார்கள். பிறகு ஒரு கெங்கையம்மன் திருவிழா வந்தது. கன்னியப்பன் செலவில் பேனர் வைத்தார்கள். அதில் அவர் படம் ஆளுயரம் இருந்தது. அண்ணன் முனிரத்தினத்தின் படம் கீழே, பேனர் அடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் இருந்தது. கடைக்காரன் செய்த கோளாறு என்று தம்பி சொன்னார். கடைக்காரனுக்கு யார் போட்டோ கொடுத்தது என்று அண்ணன் கேட்டார். வேட்டி கிழிந்தது. மறுநாள் பஞ்சாயத்து.

பஞ்சாயத்தில் கூச்சலோ கூச்சல். முன்னறை அண்ணனுக்கு, பின்னறை தம்பிக்கு, நடுவில் சுவர் என்று தீர்த்தார்கள். உள்ளே இருப்பது அந்தந்த அறையோடு சேரும் என்றார்கள். எல்லோரும் தலையாட்டிக் கைநாட்டும் கையெழுத்தும் போட்டார்கள். சுவர் எழும்பிய பிறகுதான் மூட்டைகளை அவிழ்த்தார்கள். அண்ணனிடம் இருப்பதெல்லாம் இடது. தம்பியிடம் இருப்பதெல்லாம் வலது.

அதே கொட்டகையில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், கோபத்தில் அப்பாவின் பழக்கத்தை மறந்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஒருவர் சொன்னார்: "அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாய மூடிக்கினு இருந்தான்." மற்றவரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். அவன் முதலில் வந்து கேட்கட்டும் என்று இவர் காத்திருந்தார். இவர் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். இரண்டு பேரும் சந்தையிலிருந்து ஒல்லிக் கட்டைகளைப் புதிதாக வாங்கினார்கள். ஆனால் ஒல்லி ஷூவுக்கு வேலூரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆகவே இரண்டு கொட்டகையும் பெரிய கம்பெனிகளுக்குக் கூலித் தையலில் இறங்கின.

அதன்பிறகு நடந்ததெல்லாம் போட்டி. அண்ணன் ஒரு தையல் மிஷின் வாங்கினால் தம்பி இரண்டு. அண்ணன் தோல் ஓரம் சீவும் மிஷின் வாங்கினார். வேலை இருக்கிறதோ இல்லையோ தம்பியும் வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். ஒருவர் சுவரில் ஒரு வரிசை செங்கல் ஏற்றினார், மற்றவர் ஒரு வரிசை. அண்ணன், தம்பியின் வாசலைப் பார்த்து ஒரு கேமரா மாட்டினார். தம்பி அந்தக் கேமராவைப் பார்த்து ஒரு கேமரா மாட்டினார். சொந்தக்காரர்களும் தப்பவில்லை. "அவன் ஊட்டு விசேஷத்துக்குப் போனா என் ஊட்டு வாசப்படி மிதிக்காத." குடியாத்தத்து சித்தப்பா மட்டும் இரண்டு வாசலும் மிதித்தார்.

நடுவில் அமிர்தவள்ளி. பொங்கலுக்குப் பிறந்த வீட்டு வரிசை வரும். அண்ணன் ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்தால் தம்பி இரண்டு கட்டு. ஒரு வருஷம் அண்ணன் இரண்டு பர்னர் அடுப்பு வாங்கித் தந்தார். சாயங்காலமே தம்பி மூன்று பர்னர் அடுப்போடு வந்து நின்றார்.

"ஒத்த ஆளுக்கு அஞ்சு அடுப்புடா! நான் இன்னா கல்யாண சமையலா பண்றேன்?" என்று வாசலில் நின்று கத்தினாள். தெரு சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் தங்கள் கொட்டகைக்கு அவளைச் செக்கிங் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. போனால் அது ஒரு கட்சி. அதனால்தான் அவள் கடைசிவரை விடியலில் கம்பெனி பஸ் ஏறினாள்.

*

ஒருமுறை அவள் ஃபேக்டரியிலிருந்து கிழிந்த ஒரு மேல்தோலைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். கட்டையில் மாட்டி இழுக்கும்போது மூக்கருகே பிரிந்துவிட்டது. மிஷின்காரப் பையனைத் திட்டித் தீர்த்துவிட்டார்களாம்.

பாரதி அதைத் திருப்பி, உள்பக்கத்தை லென்ஸ் வைத்துக் காட்டினாள். "இங்க பாரு. கத்தி வெட்டு. மாட்டத் தோலுரிக்கும்போதே பட்டிருக்கு. பதப்படுத்தி, சாயம் ஏத்தி, பாலிஷ் போட்டதுல வெளிய தெரியல. இழுத்ததும் அங்கதான் பிரியும்."

"அப்ப மிஷின்காரன் மேல தப்பில்ல?"

"அவன் இழுத்தது உடனடிக் காரணம். வெட்டு அடிப்படைக் காரணம். ரெண்டையும் தனித்தனியா எழுதணும்."

அமிர்தவள்ளி கொஞ்ச நேரம் அந்த வெட்டையே தடவினாள். "அப்ப சரயேவோல இளவரசரச் சுட்டவன் மிஷின்காரன்."

"அவன் ரெண்டு உசிர எடுத்தவன்ம்மா."

"நல்லவன்னா சொன்னேன்? அவன் ஒருத்தன் மட்டுந்தான்னு சொல்லாதன்றேன். சரி, அந்தப் போருக்குத் தோலுரிச்சவன் யாரு?"

பாரதி லென்ஸைக் கீழே வைத்தாள். "ஆளாளுக்கு ஒரு வெட்டு போட்டிருக்காங்க. ஜெர்மனி பிரான்சு கிட்ட ரெண்டு மாகாணத்தப் புடுங்கி வச்சிருந்துச்சு. பால்கன் நாடுங்கள ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச்சுங்க. ஆப்பிரிக்காவுல எடம் புடிக்கப் போட்டி. கடல்ல கப்பல் போட்டி. எவனும் நேரா போர் வேணும்னு சொல்லல. ஆனா எதுத்தவன் பயப்படணும்னு எல்லாரும் நெனச்சாங்க."

"பயந்தவன் சும்மா இருப்பானா?"

"இருக்கல. ஒருத்தன் படையத் தெரட்டனா, நாம லேட்டாயிடுவோமேன்னு அடுத்தவன் தெரட்டினான். நீ மொதல்ல நிறுத்து, நீ மொதல்ல நிறுத்துன்னே தந்தி அடிச்சிக்கினு இருந்தாங்க."

"யாரும் மொதல்ல நிறுத்தலையா?"

"நிறுத்துனா மானம் போயிடும்."

அமிர்தவள்ளி எழுந்தாள். மேல்தோலைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அந்தப் பையனுக்காக சூப்பர்வைசரிடம் சண்டை போட்டாளாம். அக்தரி வந்து சொன்னாள்.

*

சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. பாரதிக்கு அது போதவில்லை. உடனடிக் காரணம் அது. நின்றே செய்த வேலை, விட்டுவிட்டு விழுங்கிய பிரஷர் மாத்திரை, விடியலில் ஏறும் பஸ், கணவர் இறந்த வருஷம் என்று மனசுக்குள் ஒவ்வொன்றிலிருந்தும் சாவை நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுப் பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் பழகிய வேலை. எல்லா அம்பும் ஒரே இடத்துக்குத்தான் போயின. ஒன்றுகூட அம்மாவைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. விட்டுவிட்டாள்.

இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அண்ணன் ஒன்று கொண்டுவந்தார். தம்பி ஒன்று கொண்டுவந்தார். ஒருவர் தெருவின் இந்த முனையில், ஒருவர் அந்த முனையில். பிரித்துப் பார்த்தால் இரண்டும் அரக்கு நிறம், இரண்டும் குடியாத்தத்தில் ஒரே கடை.

"எது மொதல்ல போத்தறது?" என்று கேட்டுவிட்டார் சடங்கு செய்பவர். கேட்டதும் தெரு இரண்டாகப் பிரிந்து நின்றது. மூத்தவருடையதுதான் முதலில் என்றது ஒரு குரல். கூடப் பிறந்த கடைக்குட்டிமேல்தான் அவளுக்கு உயிர் என்றது இன்னொன்று. யாரோ வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பாரதி எழுந்தாள். இரண்டு புடவையையும் வாங்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே மடிப்பாக்கி, ஒரே வீச்சில் போர்த்தினாள். எது மேலே எது கீழே என்று யாருக்கும் தெரியவில்லை. நிறம் ஒன்றாகப் போனது நல்லதாகிவிட்டது.

சண்டை வரவில்லை. ஆனால் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் முனிரத்தினம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "காரியத்துக்கு அவன் வந்தா நான் வர மாட்டேம்மா. தப்பா நெனச்சிக்காத." கொஞ்ச நேரத்தில் கன்னியப்பனின் மனைவி வந்து அதே செய்தியைத் தன் கணவர் சார்பில் சொல்லிவிட்டுப் போனாள்.

*

இரண்டு நாள் பொறுத்து அக்தரி பேகம் வந்தாள். பஸ்ஸிலேயே தங்கிவிட்ட அமிர்தவள்ளியின் ஒயர் கூடையை எடுத்து வந்திருந்தாள். டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, புத்தகம். அடியில் பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்று கனத்தது. பிரித்தால் ஒரு மரக்கட்டை. குழந்தைக் கால் அளவு. இடதுகால். பக்கவாட்டில் ஒட்டிய தோல்பட்டை கறுத்து மரத்தோடு மரமாகியிருந்தது.

"இது இன்னாத்துக்கு அம்மாகிட்ட?"

அக்தரி உட்கார்ந்தாள். "முக்தார் பாய் கடையத் தெரியுமில்ல, வேலூர்ல? மலைப் பள்ளிக்கூடங்களுக்கு ஷூ சப்ளை அவரு எடுத்திருக்காரு. எல்லா எடத்துலயும் ஒல்லி ஷூதான் கெடைக்குதாம், புள்ளைங்க கால்ல ஏற மாட்டேங்குதாம். ஒங்க தாத்தா காலத்து அகல ஷூ மாதிரி ஒரு ஜோடி தெச்சிக் காட்டுங்க, மொத்த ஆர்டரையும் தர்றேன்னு ஒங்கம்மாகிட்ட சொன்னாரு. ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள வேணுமாம். இல்லன்னா ஆக்ராவுக்குப் போயிடுவேன்னாரு."

பாரதிக்குப் புரிந்தது. ஏற்றுமதி ஆர்டர் கம்மியான வருஷம். இரண்டு கொட்டகையிலும் பாதி மிஷின்கள் சும்மா இருந்தன. வேலைக்கு வந்த பெண்களை வாரத்தில் பாதி நாள் திருப்பி அனுப்பினார்கள். இப்படியே போனால் இரண்டும் மூட வேண்டியதுதான். இந்த ஆர்டர் வந்தால் இரண்டும் பிழைக்கும். ஆனால் ஒருவராக எடுக்க முடியாது. இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம்.

"அம்மா ரெண்டு பேருகிட்டயும் கேட்டுச்சா?"

"கேக்காம இருக்குமா? அவன் மொதல்ல குடுத்தனுப்பட்டும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. ஒரே பேஜார். அப்பறம் ஒரு நாள் பெரியவரு ஊட்டுக்குப் போயி, என் கதவு காத்துல அடிச்சிக்குதுண்ணா, அண்டக் குடுக்க ஒரு கட்ட குடுன்னு இத வாங்கினு வந்துச்சு." அக்தரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பஸ்ல எங்கிட்ட காட்டுச்சு. இத தம்பிகிட்ட கொண்டு போயி, இதுக்கு ஜோடி குடுடான்னு கேப்பேன்னுச்சு. மொதல்ல யாரு வந்தான்னு கேட்டா இன்னா சொல்லுவன்னு கேட்டேன். அண்ணனும் வரல, தம்பியும் வரல, நான் வர்றேன்னு சொல்வேன், எனக்கு இன்னா மானம் போவுது அப்டின்னுச்சு. அன்னிக்குத்தான், கண்ணு. கொஞ்ச நேரத்துல தோள்ல சாஞ்சிடுச்சு."

பாரதி கட்டையைக் கையில் வைத்துத் திருப்பினாள். பட்டையின் ஒட்டு எங்கும் விடவில்லை. பழக்கதோஷத்தில் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை.

*

மறுநாள் காலை ஒயர் கூடையோடு கன்னியப்பனின் கொட்டகைக்குப் போனாள். சின்ன மாமா பனியனோடு உட்கார்ந்து, ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்தார்.

"சாப்ட்டியாம்மா? ஒங்க அத்தைய காபி போடச் சொல்லட்டா?"

"அப்பறம் குடிக்கிறேன் மாமா." கட்டையை எடுத்து, தார்ப்பாய் போட்ட மிஷின்மேல் வைத்தாள்.

அவர் தொடவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டார்.

"பெரியவன் குடுத்தனுப்பினானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரியம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அடியில் வெட்டு இருக்கிற தோலுக்கு மேலே பாலிஷ் போடுகிற வேலை அது. இழுக்கும்போது பிரியும்.

"இல்ல மாமா. பெரிய மாமாவுக்கு இது கதவுக்கு அண்டக் குடுக்கற கட்ட. அப்டி சொல்லித்தான் அம்மா வாங்கிச்சு. ஒங்ககிட்ட கொண்டாந்து இதுக்கு ஜோடி கேக்கணும்னு. அதுக்குள்ள..."

முக்தார் பாய் கேட்ட ஷூவைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கன்னியப்பன் எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்தார். பிறகு, "எந்தக் கதவாம்?" என்றார்.

"வாசக் கதவு. காத்துல அடிச்சிக்குதுன்னு சொல்லிச்சாம்."

"அது நான் மாட்டின கதவு! தேக்கு! புயலே வந்தாலும் அடிச்சிக்காது. இத அவன் நம்பிக் கட்டய வேற எடுத்துக் குடுத்தானா?" சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனார்.

மூட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. மரம் மரத்தின்மேல் உருளும் சத்தம். நெடுநாள் பூட்டியிருந்த அறையின் தூசி வாசல்வரை வந்தது. பாரதி காத்திருந்தாள். ஒரு மூட்டை தீர்ந்து இன்னொரு மூட்டை கவிழ்ந்தது. அளவு சரியாக இருந்தால் பட்டை ஒத்துவராது, பட்டை ஒத்துவந்தால் அளவு சரியாக இருக்காது என்று உள்ளேயிருந்து தானாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது தலையெல்லாம் சிலந்திவலை. கையில் ஒரு வலதுகால். இடதுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே அளவு, அதே பட்டை, ஒரே தோலிலிருந்து வெட்டிய இரண்டு துண்டு. தார்ப்பாய்மேல் ஒரு குழந்தை நின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

"தெச்சிட்டா மட்டும் ஆயிடுச்சா?" என்றார். "அவன்கிட்ட பாதிக் கட்ட, என்கிட்ட பாதிக் கட்ட. ரெண்டு கொட்டாய்லயும் சேந்துதான் ஓட்டணும். மொதல்ல யாரு வந்தான்னு கேப்பானே அவன்?"

"பெல்ஜியம் வந்துச்சுன்னு சொல்லுங்க."

"இன்னாது?"

"வேலூருக்குப் போற வழியில சொல்றேன் மாமா, பாய்கிட்ட இந்த ஜோடிக் கட்டயக் காட்டி ஆர்டரப் புடிச்சி வச்சிக்கலாம். சட்ட போட்டுக்கினு வாங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் சாயல் அவளுக்கு அவ்வளவாக இல்லை என்றுதான் ஊரில் சொல்வார்கள். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, தலையைக்கூடத் தட்டாமல் வந்தார். வலதுகாலை அவர் எடுத்துக்கொண்டார். இடதுகாலை அவள் எடுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போக அடுத்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசலுக்கு மேலே முனிரத்தினத்தின் கேமரா வருஷக்கணக்காகத் தம்பி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு தையல் மிஷின் நின்றது. தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டது.

கன்னியப்பன் நடையை நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவாக்கினார், அவ்வளவுதான்.

முக்தார் பாய் கடையில் ஒரு ஜோடி ஷூ தைத்துக் காட்ட வேண்டும். தோல் வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், கட்டையில் ஏற்ற வேண்டும். வீட்டில் பாதிப் புளி வேறு இருக்கிறது. பாரதி ஒயர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு திறப்பதற்காக நின்றாள்.